ஏ-2 விமானி ஜாக்கெட்: வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா, பேரணாம்பட்டில் தைத்துக்கொள்வதா?

குப்பத்தில் குடியிருந்து பெங்களூரில் வேலை பார்க்கும் நீங்கள் கேட்டிருப்பவை இவை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானிகள் அணிந்த ஏ-2 தோல் ஜாக்கெட்டின் மறுஆக்கம் ஒன்றை ஜப்பானிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வரவழைப்பது நல்லதா, அல்லது மலையிறங்கினால் வந்துவிடும் பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ தைத்துக்கொள்ளலாமா. மோட்டார் சைக்கிளில் போட்டுக்கொண்டு போக நம் பக்கத்து வெயிலுக்கு அது ஒத்துவருமா. படைப்பிரிவுச் சின்னங்களைத் தைத்துக்கொள்வது சரியா. வாங்கிய பிறகு அதைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி. தோல் ஆடைகளுக்குப் பேட்டர்ன், அதாவது துண்டுகளை வெட்டுவதற்கான அளவு அட்டை, போடும் வேலையிலேயே காலம் போனவன் என்பதாலும், இந்த ஜாக்கெட்டுகளின்மேல் எனக்கே பித்து உண்டு என்பதாலும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தோல் நம் காலடியில் கிடைக்கிறது. கிடைக்காதவை மூன்று: சரியான பேட்டர்ன், கம்பளி ரிப் (இழுத்தால் நீண்டு சுருங்கும் பின்னல் பட்டை), நல்ல ஜிப். இந்த மூன்றுக்கும் உங்களால் வழி செய்துகொள்ள முடியுமானால் இங்கேயே தையுங்கள். முடியாதென்றால் பொறுத்திருந்து, காசு சேர்த்து, பெயர் பெற்ற மறுஆக்க நிறுவனம் ஒன்றிடமே வாங்குங்கள். இரண்டுக்கும் இடையில், ‘பைலட் ஜாக்கெட்’ என்று சீட்டு ஒட்டி விற்கப்படும் ஃபேஷன் சரக்கு மட்டும் வேண்டாம்.

இதற்குக் காரணம் புரிய, ஏ-2 எப்படிப்பட்ட உடுப்பு என்பது தெரிய வேண்டும். அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு 1931 மே 9 அன்று அதைத் தன் தரநிலை உடுப்பாக ஏற்றது. அதற்கு முன் 1927-இல் வந்த ஏ-1 ஜாக்கெட்டுக்குப் பொத்தான்கள் இருந்தன, கழுத்துப் பகுதியும் கம்பளிப் பின்னலாக இருந்தது. ஏ-2-இல் காலர் தோலாயிற்று, பொத்தான் இருந்த இடத்தில் ஜிப் வந்தது. காலரின் முனைகள் காற்றில் படபடக்காமலிருக்க அவற்றின் அடியில் வெளியே தெரியாதபடி டிச் பட்டன்கள், தொண்டைக்குக் கீழே ஒரு கொக்கி, ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் தோல் பட்டை, தோள்களில் பட்டைகள், மூடி வைத்த இரண்டு ஒட்டுப் பைகள், மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளி ரிப், முதுகில் ஒட்டில்லாத ஒரே துண்டுத் தோல்: ஏ-2 என்றால் இவ்வளவுதான். பக்கவாட்டில் கையை நுழைத்துக்கொள்ளும் பை அதில் கிடையாது. ராணுவத்தான் பைக்குள் கைவிட்டு நிற்கக் கூடாது என்பதற்காகவே வைக்கவில்லை என்று சொல்வார்கள். காரணம் எதுவானாலும், கடைக்காரர் காட்டும் ‘ஏ-2’வில் அப்படி ஒரு பை இருந்தால் அது போர்க்கால வடிவம் அன்று.

ராணுவம் கொடுத்த வரையளவு ஒன்றுதான். வெட்டித் தைத்த நிறுவனங்களோ பல. ரஃப் வேர், ஏரோ லெதர், டுபோ, பெர்ரி, ஸ்டார், பிரான்கோ என்று ஆளாளுக்கு ஒப்பந்தம் எடுத்துத் தைத்தார்கள். காலருக்கு அடிப்பட்டை வைத்தவர்களும் உண்டு, நேரடியாகக் கழுத்தில் இணைத்தவர்களும் உண்டு. பை மூடியின் வளைவும் காலர் முனையின் நீளமும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். 1943-இல் ராணுவம் தோலை விட்டுத் துணி ஜாக்கெட்டுக்கு மாறியதோடு ஏ-2-க்கு ஆர்டர் நின்றது. இன்று இங்கிலாந்தின் ஈஸ்ட்மேன், ஸ்காட்லாந்தின் ஏரோ லெதர், ஜப்பானின் ரியல் மெக்காய்ஸ், 1993-இல் தொடங்கிய பஸ் ரிக்சன்ஸ் போன்றவர்கள் செய்வது, அந்த ஒப்பந்தங்களுள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அசல் ஜாக்கெட்டை அளந்து, அதே வெட்டில் தைப்பது. ஆகவே ‘ஏ-2 வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்த நிறுவனத்தின் எந்த ஒப்பந்தம் என்று குறிப்பாகக் கேட்பதே சேகரிப்பவரின் வழக்கம். நீங்களும் நிறையப் படங்களைப் பார்த்து, ஒன்றில் மனம் நின்ற பிறகே அடுத்த அடி வையுங்கள்.

தோலுக்கு வருவோம். ஏ-2-இன் வரையளவு கேட்டது குதிரைத் தோல். டிராக்டரும் லாரியும் குதிரையின் வேலையைப் பிடுங்கிக்கொண்ட காலம் அது; அமெரிக்காவில் குதிரைத் தோலுக்குப் பஞ்சம் இல்லை. குதிரையின் பின்பக்கத் தோல் இறுகிக் கெட்டியானது. அதிலிருந்து வருவதுதான் செருப்புத் தொழிலில் பெயர் பெற்ற கார்டோவான். ஜாக்கெட்டுக்கு முன்பக்கத் தோலையே எடுப்பார்கள். அது பளபளப்பும் இறுக்கமுமாக இருந்து, அணிய அணிய முழங்கை மடிப்பில் கூர்மையான சுருக்கங்களை வாங்கிக்கொள்ளும். இப்போது இந்தத் தோலுக்குப் பெரும்பாலும் ஜப்பானின் ஹிமேஜியையோ இத்தாலியையோதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து வரும் ஜாக்கெட், சுங்க வரியும் சேர்ந்தால், ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுவது சகஜம். ஆனை விலை குதிரை விலை என்பது இதற்கே பொருந்தும்.

ஆனால் குதிரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. போர்க்காலத்திலேயே சில ஒப்பந்தங்களில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கலந்து வந்தன. 1988-இல் அமெரிக்க விமானப்படை ஏ-2-வை மீண்டும் வழங்கத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்ததும் வெள்ளாட்டுத் தோலையே. கடற்படை விமானிகளின் ஜி-1 ஜாக்கெட்டோ தொடக்கத்திலிருந்தே வெள்ளாட்டுத் தோலுக்குப் பேர் போனது. ஆக, வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பதனிட்டுவரும் சரக்கு இந்த ஜாக்கெட்டுக்கு அந்நியமானது அன்று. வெள்ளாட்டுத் தோலின் மேற்பரப்பில் மணி மணியாக ஒரு புள்ளி ஓட்டம் இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் கிழிசலை நன்றாகத் தாங்கும். அணிந்த சில வாரங்களிலேயே உடம்புக்கு இணங்கிவிடும்.

டேனரியில் தோல் கேட்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று கனம். ஏற்றுமதி ஃபேஷன் ஆடைக்குப் போகும் நப்பா என்னும் மெல்லிய தோல் 0.6, 0.7 மி.மீ. அளவில் இருக்கும், கையில் எடுத்தால் துணி மாதிரி தொங்கும். அதில் ஏ-2 தைத்தால் காலர் நிற்காது, பை தொங்கிப் போகும். 1 மி.மீ.க்குக் குறையாத தோலாகக் கேளுங்கள். மற்றொன்று ஃபினிஷ். தோலில் உள்ள பூச்சிக்கடி, முள்கீறல் எல்லாவற்றையும் மறைக்க மேலே நிறமிக் கலவையைக் கனமாக அடித்துவிடுவார்கள். அது சுவருக்கு அடித்த பெயின்ட் போல மேலேயே உட்கார்ந்திருந்து, தேயும்போது செதில் செதிலாக உரியும். உங்களுக்கு வேண்டியது அனிலின் சாயம் உள்வரை ஊறிய தோல். கட்டை விரலால் பின்பக்கமிருந்து தோலை மேலே தள்ளிப் பாருங்கள்: வளைந்த இடத்தில் நிறம் சற்றே வெளிறி, விரலை எடுத்ததும் பழைய நிறம் திரும்பினால் நல்லது, அடர்த்தி மாறாமல் பிளாஸ்டிக் மினுமினுப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். வெட்டிய விளிம்பையும் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் அது குரோம் உப்பில் பதனிட்டது, சாயம் உள்ளே போகவில்லை என்று பொருள். தொடக்கக் கால ஏ-2 தோல்கள் தாவரப் பதனீடு. அதே குணம் வேண்டுமென்றால், ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையாலும் பிறகு வாட்டில் பட்டையாலும் கடுக்காயாலும் நம் பக்கத்தில் செய்துவந்த பதனீட்டை இன்றும் செய்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆள் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் நல்ல குரோம் க்ரஸ்டில் (பதனிட்டு உலர்த்தி, ஃபினிஷ் செய்யாமல் வைத்த தோலில்) அனிலின் ஃபினிஷ் செய்து வாங்கிக்கொள்ளலாம், குறை ஒன்றும் இல்லை. இடையில் ஒரு வார்த்தை: எந்த டேனரி என்று சொல்ல முடியாத, பில் இல்லாத மலிவுத் தோலை வாங்காதீர்கள். தோல் கழிவால் பாலாற்றுக்கு நேர்ந்த கதிக்காகத்தான் வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள்மீது உச்ச நீதிமன்றம் 1996-இல் அவ்வளவு கடுமையான தீர்ப்பு கொடுத்தது. கழிவைச் சுத்திகரிக்கும் செலவை ஏற்காத தோல் மட்டுமே அந்த விலைக்கு வரும்.

இனி பேட்டர்ன். இங்கே தைத்த ஜாக்கெட்டுகள் சொதப்புவது தோலில் அல்ல, இதில்தான். நம் ஊர் கட்டிங் மாஸ்டர்களின் கைவேலைக்கு ஈடு கிடையாது. ஆனால் அவர்களிடம் இருப்பவை ஐரோப்பிய ஃபேஷன் ஆர்டர்களுக்காக வந்த அட்டைகள். அவற்றில் ஆர்ம்ஹோல் (கையை இணைக்கும் வளைவு) கீழே இறங்கியிருக்கும், தோள் வழிந்திருக்கும், உடம்பில் தாராளமாகத் தளர்வு இருக்கும். அப்படிப்பட்ட ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கைகளை முன்னே நீட்டினால் மொத்த உடுப்பும் மேலேறி இடுப்பைக் காட்டிவிடும். ஏ-2 விமானத்தில் உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் கோலைப் பிடிப்பவருக்காக வெட்டப்பட்டது. அதன் ஆர்ம்ஹோல் அக்குளுக்கு நெருக்கமாக மேலே இருக்கும். கை சற்று முன்னோக்கித் திரும்பியிருக்கும். மார்புச் சுற்றளவைவிட 3, 4 அங்குலத்துக்கு அதிகமாகத் தளர்வு வைத்தால் அந்த வடிவமே போய்விடும். நீளமும் குறைவு. அக்காலத்துக் கால்சட்டை தொப்புள் வரை ஏறி நிற்கும், ரிப் அங்கே வந்து சேரும். இடுப்பெலும்பில் நிற்கும் இன்றைய ஜீன்ஸுக்கு மேல் அதே ஜாக்கெட் குட்டையாகத் தெரிவது வெட்டின் தவறு அன்று. அதற்காக நீளத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள்; கால்சட்டையை மாற்றுங்கள்.

முதுகுத் துண்டில் மாஸ்டரோடு கட்டாயம் ஒரு வாக்குவாதம் வரும், தயாராக இருங்கள். ஆட்டுத்தோல் ஒன்று பொதுவாக 4 முதல் 6 சதுர அடிதான் வரும். முதுகு ஒரே துண்டாக வர வேண்டுமென்றால் நல்ல தோல் ஒன்று முழுதாக அதற்கே போய்விடும், அதிலும் வடுவும் துளையும் இல்லாத தோலாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு தையல் போட்டால் சிறிய தோல்களிலேயே முடித்துவிடலாம் என்று அவர் சொல்வார். கணக்குப்படி அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் நடுமுதுகில் தையல் விழுந்த கணமே அது ஏ-2 இல்லை. கூடுதல் தோலுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துவிடுங்கள், வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

பேட்டர்னுக்கு வழி என்னவென்றால், நம்பகமான மறுஆக்க ஜாக்கெட் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, பிரிக்காமலேயே ஒவ்வொரு துண்டாக அளந்து அட்டை வெட்டச் செய்வது. பிறகு நேராகத் தோலில் கை வைக்க விடாதீர்கள். கனமான காடா துணியில் முதலில் ஒன்று தைத்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துப் பாருங்கள். தோலில் ஊசி போட்ட துளை போட்டதுதான்; பிரித்துத் தைத்தாலும் மறையாது.

வண்டி ஓட்டுபவர் என்பதால் இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: உங்களுக்கு ஏ-2-வைவிட ஜி-1 பொருந்தும் என்பது என் எண்ணம். ஜி-1-இன் முதுகில் தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரியும் மடிப்பு உண்டு, அக்குளில் தனித் துண்டு உண்டு. கையை நீட்டினால் முதுகு விரிந்து கொடுக்கும், இடுப்பு மேலேறாது. வெள்ளாட்டுத் தோல் அதற்குச் சொந்தத் தோல். ஒரே சங்கடம் ஆட்டுரோமக் காலர். வியர்வையில் நனைந்தால் நாறும். எதைப் போட்டாலும், இவை விழுந்தால் காப்பாற்றும் வகையில் உள்ளே கவசம் வைத்த ரைடிங் ஜாக்கெட்டுகள் அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

ரிப்புக்குத் திருப்பூரைத்தான் முதலில் நினைப்பீர்கள். அங்கே எளிதில் கிடைப்பது பருத்தியும் பாலியெஸ்டரும். அவை சீக்கிரம் தொய்ந்துவிடும், நிறமும் சரியாக அமையாது. லூதியானாவில் கம்பளிப் பின்னல் செய்து தருகிறார்கள். விளிம்பு தானாகவே முடிந்து வரும்படி பின்னச் சொல்லுங்கள். கத்தரித்து மடித்துத் தைத்த ரிப் தடித்துக்கொண்டு நிற்கும். ஜிப்பைப் பொறுத்தவரை, போர்க்காலத்து டேலன், கிரவுன், கான்மர் ஜிப்புகளின் மறுஆக்கம் வெளிநாட்டில் கிடைக்கிறது, அங்கிருந்து ஒன்று வரவழைப்பதே நல்லது. பழைய பாணி ஜிப்பில் கீழ் ஊசி ரன்னரின் அடிவரை போய் உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே மேலே இழுக்க வேண்டும். அவசரத்தில் இழுத்தால் அடியில் துணிப்பட்டை கிழியும், அப்புறம் ஜிப் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான்.

வெயில் பற்றிய கேள்விக்கு அமெரிக்க விமானப்படையே பதில் சொல்லி வைத்திருக்கிறது. போருக்குப் பின் வந்த நைலான் ஜாக்கெட்டுகளை அவர்கள் தட்பவெப்ப வாரியாகப் பிரித்தார்கள். பஞ்சு வைக்காத எல்-2பி, சுமார் 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரைக்கும்; ஊரெல்லாம் போட்டுத் திரியும் எம்ஏ-1, மைனஸ் 10 முதல் 10 டிகிரி வரைக்கும். வேலூரில் 10 டிகிரியை யார் பார்த்தார்கள்? எம்ஏ-1 மேல் ஆசை இருந்தால் சேகரிப்புக்காக வாங்குங்கள், உள்ளே இருக்கும் ஆரஞ்சு லைனிங்கை ரசியுங்கள். அணிய எல்-2பி போதும். பி-3 என்னும் செம்மறித்தோல் ஜாக்கெட் 1934-இல் வந்தது. காற்றழுத்தமும் வெப்பமும் இல்லாத குண்டுவீச்சு விமானத்தில், மைனஸ் 40 டிகிரி வரை போகும் குளிரில், திறந்த ஜன்னலோரம் துப்பாக்கியோடு நின்றவருக்கானது அது. நம் பக்கத்தில் அதைப் போட இடமே கிடையாது. ஏ-2-வும் ஜி-1-உம் மெல்லிய லைனிங் மட்டும் உள்ளவை. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வி.கோட்டாவிலிருந்து பத்தலப்பல்லி மலைப்பாதையில் இறங்கும்போதும், ஏலகிரியிலும், ஆர்ஸ்லி மலையிலும், பெங்களூர் இரவுகளிலும் தாராளமாகப் போடலாம். பகல் பத்து மணிக்குக் குடியாத்தத்தில் போட்டுக்கொண்டு நின்றால் நாலு பேர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

சின்னங்கள் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அசல் ஜாக்கெட்டுகளின் மார்பில் வரிசையாகத் தீட்டியிருக்கும் சிறு குண்டுப் படங்கள் அலங்காரம் அல்ல. ஒவ்வொன்றும் அந்த ஆள் போய்த் திரும்பிய ஒரு தாக்குதல் பயணம். இங்கிலாந்திலிருந்து பறந்த எட்டாவது விமானப்படையில் தொடக்கத்தில் 25 பயணம் முடித்தால்தான் வீடு திரும்பலாம். பலர் அந்த எண்ணை எட்டவேயில்லை. அந்தக் கணக்கை நான் என் நெஞ்சில் எழுதிக்கொள்ள மாட்டேன், நீங்களும் வேண்டாம் என்பேன். சீனாவில் பறந்த அமெரிக்கத் தன்னார்வப் படையினர் முதுகில் தைத்திருந்த துணியில், ‘இந்த அந்நியர் போருக்கு உதவ வந்தவர், படைவீரரும் மக்களும் இவரைக் காப்பாற்றுங்கள்’ என்ற பொருளில் சீனத்தில் எழுதியிருக்கும். விழுந்த விமானி உயிர் பிழைப்பதற்கான சீட்டு அது. ஓசூர் சாலையில் அதற்கு வேலை இல்லை. ஏதாவது ஒன்று இருந்தே தீர வேண்டுமென்றால் சீனா-பர்மா-இந்தியா போர்முனையின் கேடயச் சின்னத்தை வைத்துக்கொள்ளுங்கள்: கீழே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், மேலே நீலத்தில் சீனத்தின் சூரியனும் இந்தியாவின் நட்சத்திரமும். அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு ஏற்றிப் பறந்தவர்கள் அணிந்தது. அவற்றுள் பல, இந்தியக் கைவினைஞர்களே தோலில் வெட்டி ஒட்டியும் ஜரிகையில் தைத்தும் கொடுத்தவை என்பதால், அதை அணிய நம்மவருக்கு ஓர் உரிமை இருக்கிறது.

அந்நிய நாட்டுப் பழஞ்சின்னத்துக்குச் சட்டத் தொல்லை வர வழியில்லை. இந்தியப் படைகளின் சின்னமோ தரப்பட்டையோ வேறு கதை: தன்னைப் படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அப்படி அணிவது, பழைய தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவிலும் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவிலும் மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லாமலிருக்கலாம். ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கும் அரக்கோணம் பக்கம் போய், கேட்பவருக்கெல்லாம் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பழைய சாமான் சந்தையில் ‘அசல்’ என்று ஏதாவது கண்ணில் பட்டால் ஒரு எச்சரிக்கை. மறுஆக்க நிறுவனங்கள் போர்க்கால நிறுவனத்தின் கழுத்துச் சீட்டை அச்சு அசலாகவே தைக்கின்றன. தங்கள் பெயரை உள்ளே ஒரு சிறு துணுக்கில் மட்டும் வைப்பார்கள். அதைக் கத்தரித்துவிட்டு அசல் என்று விற்பவர்கள் உண்டு. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா விளக்கை இருட்டில் தையல்மேல் பிடியுங்கள். 1940-களின் பருத்தி நூல் மங்கியே இருக்கும், இக்காலச் செயற்கை நூல் பெரும்பாலும் பளிச்சென்று ஒளிரும். உப்புத்தாள் தேய்த்துப் பழசாக்கிய ஜாக்கெட்டையும் வாங்காதீர்கள். தேய்ந்து போவது தோலின் மேல்புறம், தோலைத் தேய்விலிருந்து காப்பதும் அதுதான்.

பராமரிப்பு எளிது. மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும், ரிப்பை அந்துப்பூச்சி தின்னும். பகை இந்த இரண்டுதான். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாதீர்கள். தோள் அகலத்துக்கு ஏற்ற தடித்த மர ஹேங்கரில், பருத்தித் துணி போர்த்தி, காற்று போகும் இடத்தில் தொங்கவிடுங்கள். ரிப்புக்குப் பக்கத்தில் ஒரு துணி முடிச்சில் அந்துருண்டை வையுங்கள், தோலில் படக் கூடாது. நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். புதுத் தோலுக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவினால் கறுத்து, பிசுபிசுத்து, பூஞ்சைக்கு விருந்தாகும். ஆண்டுக்கு ஒரு முறை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, தோல் வறண்டு தெரிந்தால் மட்டும் கண்டிஷனரை மெல்லத் தேய்த்தால் போதும்.

லூதியானாவுக்கு ரிப் சொல்லும்போது இரண்டு செட்டாக ஒரே சாயத்தில் வாங்கி, ஒன்றை வேப்பிலையோடு பொதிந்து வைத்துவிடுங்கள். தோல் தேய்வதற்கு வெகு முன்பே மணிக்கட்டு ரிப் நைந்துபோகும். அப்போது தனியாகத் தேடினால் அதே பழுப்பு நிறம் கிடைக்காது.